உழவருக்கு ஓய்வூதியம் யார் தருவார்?

வங்கியில் நான் வேலை பார்த்த 34 ஆண்டுகளில், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களில் பாதிப் பேராவது உழவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நகைக்கடன், பயிர்க்கடன், மகள் கல்யாணம், போர் போடுவது என்று எல்லாக் கணக்கும் அவர்களிடம் இருக்கும். "அறுபத்தஞ்சு வயசுக்கு மேல எப்படி ஓட்டுவீங்க?" என்று கேட்டால் மட்டும் ஒரே பதில்தான் வரும்: "நமக்கு நிலம் இருக்கு சார், அது பாத்துக்கும்."

இப்போது நானும் 4 ஏக்கரில் இயற்கை வேளாண்மை செய்கிறேன். நிலம் பார்த்துக்கொள்ளும் என்பது பாதி உண்மை என்று எனக்குத் தெரியும். நிலம் சோறு போடும். ஆனால் மாத்திரைச் சீட்டுக்கும், மின் கட்டணத்துக்கும், பேத்தியின் காதுகுத்துக்கும் நிலம் தானாகப் பணம் தராது. யாராவது அதில் உழைத்தால்தான் தரும். உழைக்க முடியாத வயதில் அந்த யாரோ ஒருவர் யார்? நஞ்சில்லா வேளாண்மைக்கு மாறும்போது எத்தனையோ திட்டமிடுகிறோம். இதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஓய்வூதியம் என்றால் என்ன?

எனக்கு வங்கி ஓய்வூதியம் வருகிறது. அதை வாங்கிக்கொண்டு உழவருக்கு அறிவுரை சொல்வது சுலபம் என்று நீங்கள் நினைக்கலாம், நியாயம்தான். அதனால், அந்த ஓய்வூதியத்துக்குள் அப்படி என்ன இருக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். நான்கு குணங்கள்:

ஒன்று, மாதாமாதம் வருகிறது. இரண்டு, என் உடல் உழைப்பு இல்லாமல் வருகிறது. மூன்று, விலைவாசி ஏறினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படியும் ஏறுகிறது. நான்கு, எனக்குப் பின் என் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியமாகத் தொடர்கிறது.

உழவரிடம் உள்ள எந்த ஒரு சொத்துக்கும் இந்த நான்கு குணமும் சேர்ந்து இருக்காது. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கறவை மாடு: பால் பணம் பத்து நாளைக்கு ஒருமுறை வரும், விலையும் ஏறும். ஆனால் விடிகாலை நாலரைக்கு எழுந்து பால் பீய்ச்ச வேண்டும். எழுபது வயதில் அது யாருக்கு முடியும்? காய்கறி, நெல், நிலக்கடலைக்கும் இதே கதைதான்.

வெறும் நிலம்: மதிப்பு ஏறும். ஆனால் மாதாமாதம் பணம் தராது. மருத்துவமனையில் படுத்திருக்கும்போது விற்றால் கேட்ட விலைக்குத்தான் விற்க வேண்டிவரும்.

நகை: அவசரத்துக்கு அதைப் போல் வேறொன்று இல்லை. அரை மணியில் கடன் கிடைக்கும். மாத வருமானம் வராது.

வைப்புத்தொகை: மாதாமாதம் வரும், உழைப்பு வேண்டாம், துணைக்கும் போகும். விலைவாசியோடு ஏறாது.

மரங்கள்: குறைந்த உழைப்பு, விலை ஓரளவு ஏறும், நமக்குப் பின்னும் நிற்கும். ஆனால் மாதாமாதம் காய்க்காது.

ஒன்றில் இல்லாத குணம் இன்னொன்றில் இருக்கிறது. பல பயிர் சாகுபடி செய்யும் நமக்கு இதைப் புரிய வைக்கவே வேண்டாம். பருப்பு மண்ணுக்குத் தருவதைச் சோளம் தராது, சோளம் தருவதைப் பருப்பு தராது. இரண்டையும் சேர்த்து விதைக்கிறோம். முதுமைக்கால வருமானத்தையும் அப்படித்தான் அடுக்கடுக்காகக் கட்ட வேண்டும்.

எவ்வளவு தேவைப்படும்?

ஒரு கணக்கு போடுவோம். கணவனுக்கு 45 வயது, மனைவிக்கு 40. நான்கு ஏக்கர். அரிசி, பருப்பு, காய், பால் வீட்டிலேயே. சாகுபடிச் செலவு போக, வீட்டுக்குக் கையிலிருந்து போகும் பணம் மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் செலவு எத்தனை ஆண்டில் இரட்டிக்கும்? 72ஐ 6ஆல் வகுத்தால் 12. இது எங்கள் வங்கியில் எல்லோரும் மனதுக்குள் போடும் கணக்கு. அவருக்கு 57 வயதாகும்போது 12,000 என்பது 24,000 ஆகும், 69 வயதில் 48,000. சரியாக 60 வயதில் பார்த்தால் ஏறக்குறைய 29,000.

இங்கே இயற்கை உழவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. வீட்டில் விளையும் உணவுக்கு விலைவாசி கிடையாது. கடையில் பருப்பு என்ன விலை விற்றாலும் உங்கள் குதிரில் இருக்கும் துவரையின் விலை ஏறப்போவதில்லை. ஆகவே எந்த வயதிலும் வீட்டுக்குத் தேவையான உணவு விளையும் அரை ஏக்கரையாவது விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. விதைநெல் மாதிரி அது.

முதல் முதலீடு: கடனை அடைப்பது

"நூத்துக்கு ரெண்டு வட்டி" என்று சொல்லும்போது சின்னதாகத் தெரியும். ஆண்டுக்கு அது 24 விழுக்காடு. எந்த அஞ்சலகமும் எந்த வங்கியும் 24 விழுக்காடு தருவதில்லை. எனவே தனியார் வட்டிக்கு வாங்கியதை அடைப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல முதலீடு. அதை வைத்துக்கொண்டே 7 விழுக்காட்டுக்குச் சேமிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி கிடையாது. கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரை, தவணை தவறாமல் கட்டினால் 4 விழுக்காடுதான். சாகுபடிக்குக் கடன் தேவைப்பட்டால் அங்கே வாங்குங்கள். 58 வயதுக்குள் எல்லாக் கடனும் முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அறுவடைக்கு ஏற்ற சேமிப்பு

மாதத் தொடர் வைப்பு சம்பளக்காரருக்குச் செய்த சட்டை. நமக்கு மாசியில் பணம் வரும், வைகாசியில் கை காலியாக இருக்கும். தவணை தவறினால் அபராதம் வேறு.

நமக்குப் பொருந்துவது பொது வருங்கால வைப்பு நிதி, அதாவது பிபிஎஃப். அஞ்சலகத்திலும் வங்கியிலும் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகம் ஒன்றரை லட்சம். எப்போது வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். 15 ஆண்டு. 2025 நிலவரப்படி வட்டி 7.1 விழுக்காடு, அந்த வட்டிக்கு வருமான வரி இல்லை. ஏழாவது நிதியாண்டிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம். முக்கியமாக, வேறு கடனுக்காக நீதிமன்றம் இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. மாதத்தின் 5ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி கிடைக்கும். முடிந்தவர்கள் ஏப்ரல் 5க்குள் போட்டுவிடுங்கள், முழு ஆண்டு வட்டி வரும்.

"போடறதுக்குப் பணம் எங்க சார்?" என்று கேட்பீர்கள். ஒரு கேள்வி நான் கேட்கிறேன். இயற்கைக்கு மாறிய பிறகு உரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் போகாமல் நின்ற பணம் எங்கே போயிற்று? பலருக்கும் அது தனியாகத் தெரிவதே இல்லை, வீட்டுச் செலவோடு கலந்து கரைந்துவிடுகிறது. பழைய ரசீதை எடுத்துப் பாருங்கள். ஏக்கருக்கு என்ன செலவு செய்தோமோ, அதில் பாதியையாவது அறுவடை முடிந்த வாரமே கணக்கில் போடுங்கள். அமுதக்கரைசலும் மீன் அமிலமும் மிச்சம் பிடித்துத் தந்த பணம் அது.

ஆண்டுக்கு 36,000 வீதம் 15 ஆண்டு போட்டால், இதே வட்டியில் முடிவில் ஏறக்குறைய 9.76 லட்சம் இருக்கும். நீங்கள் போட்டது 5.40 லட்சம்தான்.

அறுபதுக்குப் பிறகு எங்கே வைப்பது?

60 வயது முடிந்தவருக்கு அஞ்சலகத்திலும் வங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2025 நிலவரப்படி வட்டி 8.2 விழுக்காடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக்கு வரும். சேரும் நாளில் உள்ள வட்டியே 5 ஆண்டுக்கும் நிலைத்திருக்கும். 3 ஆண்டு வீதம் நீட்டிக்கலாம். ஒருவருக்கு உச்ச வரம்பு 30 லட்சம். முன் சொன்ன பணத்தில் 9.75 லட்சத்தை இதில் வைத்தால் காலாண்டுக்கு ஏறக்குறைய 20,000, மாதக் கணக்கில் 6,650 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும்.

60 ஆகாதவர்களுக்கு அஞ்சலக மாத வருமானத் திட்டம். வட்டி 7.4 விழுக்காடு. தனியாக 9 லட்சம் வரை, கணவன் மனைவி சேர்ந்து 15 லட்சம் வரை வைக்கலாம். 9 லட்சத்துக்கு மாதம் 5,550 வரும்.

வேளாண் வருமானத்துக்கு வரி இல்லை. வட்டி வருமானத்துக்கு உண்டு. வரி வரம்புக்குள் இருப்பவர்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே வரி பிடிக்க வேண்டாம் என்று உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிடுங்கள்.

வங்கியில் வைப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் வைப்புத்தொகைக் காப்பீடு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு இது உண்டு. ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இந்தக் காப்பீடு இல்லை. சங்கத்தில் உறுப்பினராக இருங்கள், கடன் வாங்குங்கள். வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம்.

இளைய உழவர்களுக்கு

40 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இரண்டு வழி. 2019இல் வந்த பிரதமரின் கிசான் மான்தன் திட்டம் 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு உழவர்களுக்கு. 18 வயதில் சேர்ந்தால் மாதம் 55 ரூபாய், 29இல் 100, 40இல் 200. அதே அளவு ஒன்றிய அரசும் போடும். 60க்குப் பிறகு மாதம் 3,000. அவருக்குப் பின் துணைக்கு 1,500. மனைவியும் தனியாகச் சேரலாம். பிஎம் கிசான் தொகையிலிருந்தே தவணையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம்.

இன்னொன்று 2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டம். மாதம் 1,000 முதல் 5,000 வரை. 5,000 வேண்டுமென்றால் 30 வயதில் சேருபவர் மாதம் 577 ரூபாய், 40 வயதில் சேருபவர் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். பத்து வருடத் தாமதத்தின் விலை என்னவென்று பாருங்கள். வருமான வரி கட்டுபவர்கள் இதில் சேர முடியாது.

இரண்டும் நல்லவைதான். ஆனால் இந்தத் தொகைகள் ஏறாதவை. இன்னும் 20 ஆண்டு கழித்துக் கிடைக்கும் 3,000 ரூபாய், 6 விழுக்காடு விலைவாசியில், இன்றைய 935 ரூபாய்க்குச் சமம். ஆகவே இது கூரையில் ஒரு ஓலை. கூரையே இதுதான் என்று இருந்துவிடக் கூடாது.

மரம் தரும் ஓய்வூதியம்

ஏறும் குணத்தை மரத்தில் தேட வேண்டும். 45 வயதில் நடும் தென்னை (நெட்டை) 52 வயதுக்குள் காய்க்கத் தொடங்கி, நமக்குப் பின்னும் நிற்கும். 25 அடிக்கு 25 அடி வைத்தால் ஏக்கருக்கு 70 மரம், அரை ஏக்கருக்கு 35. மரத்துக்கு 80 காய் என்றால் 2,800 காய். விலை ஏறி இறங்கும். கணக்குக்காகக் காய் 12 ரூபாய் என்று வைத்தால் 33,600. மரம் ஏறவும் பராமரிக்கவும் 9,600 போனால் 24,000. மாதம் 2,000 ரூபாய்.

காய்ப்பு மாதங்கள் மாறி மாறி வரும்படி நடுவது முக்கியம். தென்னை 45 முதல் 60 நாளைக்கு ஒரு வெட்டு. புளி தை முதல் சித்திரை வரை. மா சித்திரையில் தொடங்கும். புளியையும் மாவையும் மரத்தோடு மகசூல் குத்தகைக்கு விடலாம். வியாபாரியே உலுக்கி, பொறுக்கி, எடுத்துப் போவார். கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் நம்முடைய இரண்டாவது குணம், அதாவது உடல் உழைப்பு இல்லாமை, இதில் இருக்கிறது.

வரப்பு ஓரத்தில் தடிமரம் என்பது முதிர்வுத் தேதி போட்ட பத்திரம் மாதிரி. மலைவேம்பு ஆறேழு ஆண்டில், தேக்கு இருபது ஆண்டுக்கு மேல். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் நடாமல், நான்கைந்து ஆண்டு இடைவெளியில் வரிசை வரிசையாக நட்டால் வெட்டும் காலமும் அப்படியே பிரிந்து வரும். மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பதிந்து வையுங்கள். தேக்கு, சந்தனம், செம்மரம் நடுபவர்கள் வெட்டுவதற்கான வனத்துறை விதிகளை நடும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கூட்டிப் பார்ப்போம்

நம் குடும்பத்துக்கு 60 வயதில், இன்றைய விலையில், மாதம் 12,000 வேண்டும். தென்னை 2,000. இரண்டு ஏக்கரை ஏக்கருக்கு ஆண்டுக்கு 15,000 வீதம் குத்தகைக்கு விட்டால் மாதம் 2,500. சேமிப்பு வட்டி 6,650 என்பது அன்றைய பணம், இன்றைய விலையில் அது ஏறக்குறைய 2,800தான். மொத்தம் 7,300. துண்டு விழுவது 4,700.

மலைக்க வேண்டாம். இந்தத் துண்டை 45 வயதில் பார்த்துவிட்டால் அடைக்க 15 ஆண்டு இருக்கிறது. சேமிப்பை ஆண்டுக்கு 72,000 ஆக்கினால் இன்னொரு 2,800 கூடும். மீதம் 1,900தான். அதைத் தடிமரம் அடைக்கும். இன்னொரு வழி, சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கைப் பங்குச்சந்தைக் குறியீட்டு நிதியில் மாதாமாதம் போடுவது. நீண்ட காலத்தில் அது விலைவாசியைத் தாண்டக்கூடும், ஆனால் நடுவில் நிறைய இறங்கும். பத்து ஆண்டுக்குத் தொட வேண்டியிராத பணத்தை மட்டுமே அங்கே வைக்கலாம்.

பட்டா யார் பேரில்?

எத்தனை சேமித்தாலும் ஒரே கையெழுத்தில் எல்லாம் போய்விடக்கூடும். நான் மேலாளராக இருந்த ஒரு கிளைக்கு ஒரு பெரியவர் வருவார். இரண்டு மகன்களுக்கும் நிலம் முழுவதையும் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த போகத்துக்குப் பயிர்க்கடன் கேட்டு வந்தார். பட்டா அவர் பேரில் இல்லை. எப்படிக் கொடுப்பது? "என் காடுதானுங்க" என்றார். சட்டப்படி அது அவர் காடு இல்லை. மகன்கள் கெட்டவர்களும் இல்லை. அவர்களுக்கும் கடன், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம். அப்பாவுக்கு மாதம் இவ்வளவு என்று யாரும் பேசி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்தான். கொடுக்கும் முறை இருக்கிறது. உயில் எழுதினால் உங்கள் ஆயுள் வரை சொத்து உங்களுடையதே. இரண்டு சாட்சி கட்டாயம். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் பதிந்துவிடுவது நல்லது. மனசு மாறினால் மாற்றி எழுதலாம். இப்போதே செட்டில்மென்ட் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், கணவன் மனைவி இருவரின் ஆயுட்காலம் வரை அனுபவ உரிமை தங்களுக்கே என்று பத்திரத்தில் எழுதுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வெளிப்படையாகச் சேருங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுதாமல் விட்டால் வழக்கு இழுத்துக்கொண்டே போகும்.

அடுத்தது, வீட்டு அம்மா. பெரும்பாலும் அவர் வயதில் இளையவர், நமக்குப் பின்னும் பத்துப் பதினைந்து ஆண்டு இருப்பார். களையெடுத்ததில் பாதி அவர் கை. பட்டாவில், வங்கிக் கணக்கில், அஞ்சலகச் சேமிப்பில் அவர் பெயர் இருக்கிறதா? நியமனதாரர் என்று போட்டால் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமைதான் வரும். வாரிசு உரிமை வேறு. ஆகவே கூட்டுக் கணக்கு, நியமனம், உயில் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தள்ளி வைக்க வேண்டியவை

1990களில் தேக்குத் தோட்டக் கம்பெனிகள், 2012 வாக்கில் ஈமுக் கோழி. இரண்டிலும் ஏமாந்தவர்களில் உழவர்கள் ஏராளம். "மாசாமாசம் நிச்சயமா இவ்வளவு தருவோம், வாங்கிக்கவும் நாங்களே" என்று யார் சொன்னாலும், அஞ்சலக வட்டியோடு ஒப்பிடுங்கள். அதைவிட இரண்டு மடங்கு என்றால் நடையைக் கட்டுங்கள். பதிவு இல்லாத சீட்டும் இதே வகைதான். காப்பீட்டு முகவர் சேமிப்புத் திட்டம் என்று விற்பதில் வருமானம் குறைவு. சம்பாதிப்பவர் உயிருக்கு வெறும் காப்பீடு மட்டும் எடுத்து, சேமிப்பைத் தனியாக வையுங்கள். ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருப்பவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை இன்றே வாங்குங்கள். ஒரு அறுவைச் சிகிச்சை பத்து வருடச் சேமிப்பைத் தின்றுவிடும்.

இந்த மாதமே செய்ய வேண்டியது

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே உட்காருங்கள். நான்கு பத்தி போட்டு, உங்களிடம் உள்ள ஒவ்வொன்றுக்கும் நேராக எழுதுங்கள்: மாதாமாதம் வருமா, உழைக்காமல் வருமா, விலைவாசியோடு ஏறுமா, துணைக்குப் போகுமா. எந்தப் பத்தி காலியாக இருக்கிறதோ அதுதான் உங்கள் அடுத்த வேலை. காலியானது முதல் பத்தி என்றால் அஞ்சலகம் போங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் என்றால் ஆடி மழைக்கு முன்பே குழி எடுத்து மரக்கன்று நடுங்கள். நான்காவது என்றால், பத்திர எழுத்தரைப் பார்க்கப் போகும்போது வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.